ஐயர் பங்களா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் எங்கள் கல்லூரி வளாகத்தின் தென்மேற்கு மூலையில், ஒரு வாகை மரத்துக்கும் பழைய கிணற்றுக்கும் நடுவே, ஒரு பெரிய வீடு நிற்கிறது. நடுக்கூடத்துக்கு மேலே தட்டையான மச்சு. சுற்றிலும் ஓடு வேய்ந்த தாழ்வாரம். ஊர் அதை ‘ஐயர் பங்களா’ என்று சொல்லும். நான் இந்தக் கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். புதிதாகச் சேரும் பிள்ளைகளை வருஷா வருஷம் கூட்டிக்கொண்டு போய் அந்த வீட்டைக் காட்டுவது என் வழக்கம். பிள்ளைகளும், கூட வரும் பெற்றோர்களும், அவ்வப்போது வரும் பழைய மாணவர்களும் பெரும்பாலும் ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட வாக்கிலேயே கேள்விகளை எழுதி, பதிலும் எழுதி வைத்திருக்கிறேன்.

“ஐயர் பங்களான்னா பிராமணர் வீடா சார்?”

இல்லை. திருநெல்வேலிச் சீமையில் கிறிஸ்தவக் குருமாரை ‘ஐயர்’ என்று சொல்வது பழைய வழக்கம். ரேனியஸ் ஐயர், கால்டுவெல் ஐயர், போப் ஐயர் எல்லாம் அப்படி வந்த பெயர்கள்தான். ஐரோப்பாவிலிருந்து வந்த மிஷனரியும் ஐயர், நம் ஊர்ப் போதகரும் ஐயர். அவருக்கு உதவியாகக் கிராமத்தில் ஜெபம் நடத்துகிறவர் உபதேசியார். கல்யாணமாகாமல் வந்த மிஷனரிப் பெண்கள் மிஸ்ஸியம்மா. இந்த வீட்டில் மிஷனரிகள் குடியிருந்ததால் இது ஐயர் பங்களா ஆயிற்று. பிறகு விடுதிக் காப்பாளர் இருந்தார், மாணவர்கள் இருந்தார்கள், என்.சி.சி. சாமான்கள் இருந்தன. பெயர் மட்டும் மாறவே இல்லை.

“இது எத்தனை வருஷத்து வீடு?”

1876-க்கு முந்தியது இல்லை. மின்விசிறி வீட்டுக்கு வீடு வருவதற்கு முன்பே கட்டியாயிற்று. இந்த இரண்டு எல்லைகளையும் வீடே சொல்கிறது.

கூடத்தின் நடுவில் நின்று அண்ணாந்து பாருங்கள். மச்சைத் தாங்கும் பெரிய உத்தரங்களில் இரண்டு மரம் அல்ல, தண்டவாளம். பெயிண்ட் அடித்திருந்தாலும் அதன் குறுக்குவெட்டு தெளிவாகத் தெரியும். மேலே தடித்த தலை, நடுவில் மெல்லிய இடுப்பு, கீழே அகன்ற அடி. அது சுவருக்குள் நுழையும் இடத்தைச் சுற்றியுள்ள சாந்தும், சுவர் முழுக்க உள்ள சாந்தும் ஒன்றுதான். உடைத்துச் செருகிய தடயம் கிடையாது. அதாவது சுவர் எழும்பும்போதே தண்டவாளத்தை வைத்துக் கட்டியிருக்கிறார்கள். திருநெல்வேலிக்கு ரயில் வந்தது 1876 ஜனவரி 1-ஆம் தேதி. தண்டவாளம் தேய்ந்து, கழித்து, விலைக்கு வருவதற்கு அதற்கு மேலும் சில வருஷம் ஆகும்.

மறு எல்லைக்குச் சாட்சி சுவரில் இருக்கும் பங்காத் துவாரம். பங்கா என்பது மச்சில் தொங்கவிட்டுக் கயிற்றால் இழுக்கும் துணி விசிறி. அதைப் பற்றிக் கீழே விரிவாகச் சொல்கிறேன். மின்விசிறி சாதாரணமான பிறகு யாரும் பங்காவுக்குத் துவாரம் வைத்துச் சுவர் எழுப்ப மாட்டார்கள். சுவரில் சிமெண்டும் கிடையாது. நம் பக்கத்தில் தாழையூத்து ஆலையில் சிமெண்ட் வரத் தொடங்கியது 1949-ல். இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசி, இல்லையென்றால் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம். எனக்கு இந்த விடை போதும்.

“ஓட்டுலயே 1865-னு போட்டிருக்கே, அப்புறம் என்ன சந்தேகம்?”

வருஷத்துக்குப் பத்துப் பிள்ளைகளாவது இந்த ஓட்டைப் பார்த்துவிட்டு ஓடி வருவார்கள். அந்த உற்சாகத்தைப் பார்க்க எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அந்த ஆண்டு வீட்டுடையது அல்ல, ஓட்டுடையதும் அல்ல. அது கம்பெனி தொடங்கிய ஆண்டு.

மங்களூரில் பாசல் மிஷன் என்ற ஜெர்மன், சுவிஸ் மிஷன்காரர்கள் 1865-ல் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கினார்கள். நாம் ‘மங்களூர் ஓடு’ என்று சொல்லும், ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளும் தட்டை ஓடு அங்கிருந்துதான் பரவியது. அதற்கு முன்பு நம் ஊரில் குயவர் சக்கரத்தில் செய்து, இரண்டாக வகுந்து சுட்ட நாட்டு ஓடுதான். தொழில் நன்றாக நடந்ததும் மங்களூரில் வேறு கம்பெனிகளும் வந்தன. தாங்கள் பழைய கம்பெனி என்று காட்டிக்கொள்ளத் தொடங்கிய ஆண்டை அச்சில் போட்டார்கள். நாற்பது வருஷம் கழித்துச் சுட்ட ஓட்டிலும் அதே ஆண்டுதான் இருக்கும். ஒரு ஜவுளிக்கடைப் பையில் ‘1928 முதல்’ என்று போட்டிருந்தால், அந்தப் பை 1928-ல் தைத்தது என்று நினைப்போமா?

இன்னொன்று. ஓடு அடிக்கடி மாற்றும் பொருள். குரங்கு உடைக்கும், தேங்காய் விழுந்து உடையும். இந்தத் தாழ்வாரத்தில் மூன்று கம்பெனி ஓடு கலந்து கிடக்கிறது. ஓட்டை வைத்துக் கூரையின் வயதைத்தான் ஓரளவு பேசலாம், வீட்டின் வயதைப் பேச முடியாது.

“அடியில இருக்கிற கருங்கல்லு கோட்டைக் கல்லுதானே? அப்போ கட்டபொம்மன் காலம்தானே?”

பாளையங்கோட்டை என்ற பெயரிலேயே கோட்டை இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனியின் தெற்குச் சீமைப் படைக்கு இதுதான் முக்கியமான இடம். பாளையக்காரர் சண்டைகள் ஓய்ந்த பிறகு கோட்டைக்கு வேலை இல்லாமல் போனது, மதில் பெரும்பாலும் இடிக்கப்பட்டது. வேலை செய்து முடித்த கருங்கல் இடிபாட்டில் கிடந்தால் கொத்தனார் சும்மா விடுவாரா? பழைய கல் புதுக் கட்டடத்துக்குப் போவது எந்த ஊரிலும் வழக்கம்.

இந்த வீட்டின் அஸ்திவாரக் கல்லில் உளி வைத்துப் பிளந்த குழிகள் வரிசையாகத் தெரியும். சில கல்லில் அந்த வரிசை பாதியில் அறுந்து நிற்கிறது. வேறு எங்கோ, வேறு அளவுக்கு வெட்டிய கல்லை இங்கே கொண்டுவந்து மறுபடி குறைத்து வைத்திருக்கிறார்கள் என்பதற்கு அதுதான் அடையாளம். கல் பழசு, அதன் மேல் எழும்பிய சுவர் பழசு அல்ல. பாட்டியின் தங்கத்தை உருக்கிப் பேத்திக்கு வளையல் செய்தால் வளையலின் வயது என்ன? அதே கணக்குதான்.

“ஊமைத்துரை தப்பிச்ச சுரங்கம் இதுக்குக் கீழதான் போகுதாமே?”

ஊமைத்துரை தப்பியது நிஜம். கட்டபொம்மனை 1799 அக்டோபர் 16-ஆம் தேதி கயத்தாறில் தூக்கிலிட்டார்கள். அவர் தம்பி ஊமைத்துரையையும் உறவினர்களையும் பாளையங்கோட்டையில் சிறை வைத்தார்கள். 1801 பிப்ரவரி 2-ஆம் தேதி சாயங்காலம் அவர்கள் சிறையை விட்டு வெளியேறினார்கள். அந்த நேரத்தில் கம்பெனி அதிகாரிகள் மேஜர் மெக்காலேயின் தோட்ட வீட்டில் விருந்துச் சாப்பாட்டில் இருந்தார்கள். அந்தக் காலத்தில் இங்கே படையில் இருந்த வெல்ஷ் என்பவர் இதைத் தன் நினைவுக் குறிப்பில் எழுதி 1830-ல் வெளியிட்டார். காவலர்களை மடக்கி, ஆயுதத்தைப் பறித்துக்கொண்டு, கோட்டை வாசல் வழியாகவே அவர்கள் போனதாக அதில் இருக்கிறது. பாஞ்சாலங்குறிச்சிக்குப் போய், இடித்துப் போட்டிருந்த கோட்டையை மறுபடி எழுப்பி, மே மாதக் கடைசி வரை கம்பெனிப் படையைத் தடுத்து நிறுத்தினார்கள்.

வாசல் காவலை முறித்துக்கொண்டு போனவர்களைச் சுரங்கத்துக்குள் ஊர்ந்து போக வைப்பது அவர்கள் வீரத்தைக் குறைப்பது என்றுதான் எனக்குப் படுகிறது. நீங்கள் பார்த்த அந்த இருட்டு வாய், மழைத்தண்ணீர் கிணற்றுப் பக்கம் போகக் கட்டிய செங்கல் வாய்க்கால். இருபது அடிக்கு மேல் கிடையாது. மறுபக்கம் கிணற்றடியில் வெளிச்சம் தெரியும், குனிந்து பாருங்கள்.

“ரேனியஸ் ஐயர் இங்க உக்காந்துதான் வேதத்தை மொழிபெயர்த்தாராமே?”

ரேனியஸ் பிரஷ்யாவிலிருந்து வந்தவர். 1820-ல் பாளையங்கோட்டைக்கு வந்து 1838-ல் இங்கேயே இறந்தார். புதிய ஏற்பாட்டைத் தமிழில் தந்தார், தமிழ் இலக்கணம் எழுதினார், ‘பூமி சாஸ்திரம்’ என்று அறிவியல் நூலும் எழுதினார். நாம் ஊசிக்கோபுரம் என்று சொல்லும் தேவாலயம் 1826-ல் அவர் எழுப்பியது. இந்த ஊர்ப் பள்ளிக்கூடங்களின் கதையை அவரை விட்டுவிட்டுச் சொல்ல முடியாது.

ஆனால் இந்த வீட்டில் அவர் இருந்திருக்க முடியாது. தண்டவாளக் கணக்கை மேலே சொன்னேன். ரயில் வந்தபோது அவர் இறந்து முப்பத்தெட்டு வருஷம் ஆகிவிட்டது. அவர் காலத்தில் தாமிரபரணியில் பாலமே கிடையாது. சுலோசன முதலியார் தன் கைப்பணத்தைப் போட்டுக் கட்டிய பாலம் திறந்தது 1843-ல்தான். ரேனியஸ் திருநெல்வேலிக்குப் போக வேண்டுமானால் ஆற்றை இறங்கித்தான் கடந்திருப்பார். அவரைப் பார்க்க விரும்புகிறவர்கள் ஊசிக்கோபுரத்துக்குப் போங்கள். அதற்கும் முந்தியது வேண்டுமென்றால் கிளாரிந்தா அம்மையார் கட்டிய ஆலயம் இருக்கிறது, 1785.

“சிமெண்டே இல்லாம எப்படி நிக்குது? முட்டை ஊத்திக் கட்டினாங்களாமே?”

நிற்க வைப்பது சுண்ணாம்பு. கடற்கரைக் கிளிஞ்சலையோ சுண்ணாம்புக் கல்லையோ காளவாயில் சுட்டு, தண்ணீர் விட்டு நீற்றி, மணலோடு சேர்த்து, வட்டமாக வெட்டிய பள்ளத்தில் கல் உருளையை மாடு இழுக்க இழுக்க அரைப்பார்கள். கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிப் புளித்த தண்ணீரை அதில் விடுவார்கள். பனைநாட்டில் கருப்பட்டிக்கா பஞ்சம்? சாந்து உடனே இறுகாது. காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து இழுத்து, வருஷக் கணக்கில் மறுபடி கல்லாக மாறும். அதனால்தான் பழைய சுவரில் ஆணி அடித்தால் ஆணி வளைகிறது.

முட்டை சுவர் கட்டுவதற்கு அல்ல, கடைசிப் பூச்சுக்கு. நன்றாக அரைத்த வெண்சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசி, வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பு ஏற்றுவார்கள். கூடத்தின் தூண்களில் இடுப்பு உயரம் வரை அந்தப் பூச்சு இன்னும் இருக்கிறது. கையை வைத்தால் சில்லென்று இருக்கும்.

மச்சு ‘மெட்ராஸ் டெரஸ்’ வகை. தேக்குக் குறுக்குச் சட்டங்களின் மேல் சின்னச் செங்கலைச் சாய்கோட்டில் நிறுத்தி வைத்துச் சுண்ணாம்பால் பிணைப்பார்கள். அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து நாள் கணக்கில் கட்டையால் தட்டித் தட்டி இறுக்குவார்கள். அதற்கு மேல் தட்டோடு. தாழ்வாரத்துக்குப் பனங்கை. முற்றி வைரம் ஏறிய பனையைப் பிளந்து எடுத்த கை, கறையானுக்கு லேசில் மசியாது.

“உள்ளே போனா ஏன் இவ்வளவு குளிர்ச்சி?”

சுவர் ஒரு முழத்துக்கு மேல் கனம். பகல் வெயில் அதைத் தாண்டி உள்ளே வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். மச்சு உயரம், சூடு மேலே ஏறிக் கூரையடி ஜன்னல் வழியாக வெளியேறும். தாழ்வாரம் சுவருக்கு நிழல். ஆனி, ஆடியில் மலைப்பக்கமிருந்து வரும் காற்றுக்கு மேற்குப் பக்கம் முழுக்கக் கதவு வைத்திருக்கிறார்கள். சித்திரை வெயிலில் கம்ப்யூட்டர் லேபை விட இங்கே சுகமாக இருக்கிறது என்று பிள்ளைகளே சொல்கிறார்கள்.

“சுவத்துல உசரத்துல இந்த ஓட்டை எதுக்கு?”

என்னைக் கேட்டால் இந்த வீட்டிலேயே முக்கியமான இடம் இதுதான். கூடத்து மச்சில் நான்கு இரும்புக் கொக்கிகள் தொங்குகின்றன. அவற்றில் நீளமான கட்டையும் துணியுமாகப் பங்கா தொங்கியது. அதன் கயிறு கப்பி வழியாக வந்து, இந்தத் துவாரத்தைத் தாண்டி, பின்பக்கத் தாழ்வாரத்துக்குப் போகும். அங்கே ஒருவர் உட்கார்ந்து இழுப்பார். உள்ளே இருப்பவர் சாப்பிடும்போதும் இழுக்க வேண்டும், தூங்கும்போதும் இழுக்க வேண்டும். கை அசந்தால் கயிற்றைக் கால் பெருவிரலில் கட்டிக்கொண்டு இழுப்பார்கள்.

துவாரத்துக்குள் சுடுமண் குழாய் பதித்திருக்கிறது. ஏணி போட்டு ஏறி அதன் வெளி விளிம்பில் விரலை வைத்துப் பாருங்கள். கீழ்ப்பக்கம் மட்டும் விரல் பதியும் அளவுக்கு ஒரு தடம் தேய்ந்திருக்கிறது. கயிறு தேய்த்த தடம். பிறகு ஏணியை விட்டு இறங்கி, அதற்கு நேர் கீழே சுவரைப் பாருங்கள். தரையிலிருந்து ஒரு முழ உயரத்திலிருந்து தொடங்கி, ஆள் உட்கார்ந்தால் முதுகும் தலையும் சாயும் இடம் மட்டும் கறுத்து, எண்ணெய் ஏறி, வழவழப்பாக இருக்கிறது. வெள்ளையடிக்க வருகிறவர்களிடம் அந்த இடத்தை மட்டும் விட்டுவிடச் சொல்லி ஒவ்வொரு முறையும் பக்கத்திலேயே நிற்பேன்.

பல வருஷத்துக்கு முன் ஓர் ஆச்சி பேத்தியைக் கல்லூரியில் சேர்க்க வந்திருந்தார். வீட்டைச் சுற்றிக் காட்டினேன். முன்பக்கம் எதையும் அவர் கவனிக்கவில்லை. பின் தாழ்வாரத்துக்கு வந்ததும் நின்றுவிட்டார். “எங்க மாமனாரு இங்க உக்காந்துதான் பங்கா இழுத்தாவளாம். மதியம் சோறு குசினியில இருந்து வரும்னு சொல்லுவாவ” என்றார். அப்புறம் என்னிடம் கேட்டுக்கொண்டு அந்த இடத்தில் சுவரோடு சாய்ந்து கொஞ்ச நேரம் உட்கார்ந்தார். அவர் முதுகு அந்தக் கறைக்குள் சரியாகப் பொருந்தியது. வீட்டில் யார் யார் குடியிருந்தார்கள் என்று கேட்கிறவர்களுக்கு நான் இப்போதெல்லாம் இந்த இடத்திலிருந்துதான் சொல்லத் தொடங்குகிறேன்.

“குசினி ஏன் வீட்டுக்கு வெளியில தனியா இருக்கு?”

விறகடுப்புப் புகையும் தீயும் வீட்டுக்குள் வரக்கூடாது என்பதற்காக. நடுவே ஓடு போட்ட நடைபாதை. சமையலறையைச் சொல்லும் குசினி என்பது போர்த்துக்கீசியர் வழியாக வந்த சொல், நம் கடற்கரை ஊர்களில் இன்றும் வீட்டுப் பேச்சில் இருக்கிறது. அதற்குப் பின்னால் வரிசையாக இருக்கும் நான்கு சிறிய அறைகள் வேலை செய்தவர்கள் குடும்பத்தோடு தங்கியவை. இப்போது சைக்கிள் நிறுத்துகிறோம். அங்கே சுவர் பாதிக் கனம்தான், தாழ்வாரம் கிடையாது. குளிர்ச்சியைப் பற்றி மேலே சொன்னதெல்லாம் அந்த அறைகளுக்குப் பொருந்தாது.

“ராத்திரி மேலே யாரோ நடக்கிற சத்தம் கேக்குதாமே. பேய் உண்டா சார்?”

சத்தம் உண்டு. விடுதியாக இருந்த காலத்தில் நானும் கேட்டிருக்கிறேன். நடப்பது மரநாய். பகலில் ஓட்டுக்கடியில் தூங்கும், இருட்டினதும் இறங்கிப் பழம் தேடிப் போகும். பெருமூச்சு மாதிரி இழுத்து இழுத்து வருவது கூகை. ‘டக்’கென்று ஒற்றைச் சத்தம் கேட்டால் அது பகலெல்லாம் வெயிலில் விரிந்த பனங்கை ராத்திரியில் சுருங்குவது.

பேய்க்கதைக்குக் காரணம் வேறு என்று நினைக்கிறேன். பாளையங்கோட்டையின் பழைய கல்லறைத் தோட்டங்களில் சின்னப் பிள்ளைகளின் கல்லறைகள் நிறைய. வாந்திபேதியும் காய்ச்சலும் வந்தால் மருந்து இல்லாத காலம். அந்தத் துக்கத்தை ஊர் இன்னும் மறக்கவில்லை, அவ்வளவுதான். பயப்பட எதுவும் இல்லை.

“பல்கலைக்கழகமே 1990-லதான் வந்துச்சு. அதுக்கு எப்படி இவ்வளவு பழைய கட்டடம்?”

மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் 1990-ல் தொடங்கியது, அதன் வளாகம் அபிஷேகப்பட்டியில். இது அதன் இணைப்புக் கல்லூரி. இந்தப் பக்கத்துப் பழைய கல்லூரிகள் முதலில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தன, 1966-ல் மதுரைக்குப் போயின, பிறகு இங்கே வந்தன. மூன்று பல்கலைக்கழகப் பெயரில் பட்டம் வாங்கியவர்கள் ஒரே குடும்பத்தில் உண்டு.

“விரிசல் விட்ட இடத்துல சிமெண்ட் பூசிட்டா கெட்டியாயிடுமே? அதுல என்ன தப்பு?”

நல்லெண்ணத்தோடு கேட்கப்படும் கேள்வி, அதிகச் சேதம் செய்வதும் இதுதான். சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும் சுவர். மழையில் கொஞ்சம் ஈரம் ஏறும், வெயிலில் அதே வழியாக வெளியேறிவிடும். மேலே சிமெண்ட் பூசினால் வெளிவழி அடைபட்டுப் போகும். ஈரம் உள்ளேயே தங்கி உப்பைக் கரைத்துக்கொண்டு வேறு இடத்தில் வெடிக்கும். சிமெண்டுக்குப் பின்னால் செங்கல் மாவாக உதிர்ந்திருப்பது பூச்சு விழும் வரை வெளியே தெரியாது.

வடக்கு அறையில் சில வருஷம் முன்பு ஓர் ஒப்பந்தக்காரர் அப்படித்தான் பூசினார். மச்சில் தட்டோட்டைப் பெயர்த்து எடுத்துவிட்டு சிமெண்ட் தளமும் போட்டார். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழை உங்களுக்கு நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் கொட்டிய மழை. மழை விட்டதும் இங்கே வந்து பார்த்தேன். பழைய சுண்ணாம்பு மச்சு இருந்த கூடத்தில் ஒரு மூலையில் மட்டும் ஈரம். வடக்கு அறையில் சிமெண்ட் தளம் வெடித்த கோட்டில் தண்ணீர் இறங்கி, பூச்சு பாளம் பாளமாகத் தரையில் கிடந்தது. விரிசல் விட்டால் சுண்ணாம்பாலேயே ஒட்டுங்கள். கோயில் திருப்பணியில் சுண்ணாம்பு வேலை செய்த கொத்தனார்கள் நம் மாவட்டத்தில் இன்னும் இருக்கிறார்கள். கூலி கூட, நாளும் கூட. ஆனால் ஒரு தடவை செய்தால் போதும்.

“நூறு வருஷம் தாண்டிட்டா அரசாங்கச் சொத்து மாதிரில்லா? இடிக்க முடியாதே?”

முடியும், அதுதான் கவலை. 1958-ஆம் ஆண்டின் மத்திய தொல்லியல் சட்டத்தில் நூறு ஆண்டு என்ற கணக்கு இருப்பது உண்மை. ஆனால் நூறு ஆண்டு என்பது தகுதி மட்டும்தான். அரசு அறிவிக்கை வெளியிட்டுப் பாதுகாக்கப்பட்ட சின்னம் என்று அறிவித்தால்தான் பாதுகாப்பு. தமிழ்நாட்டுக்கென்று 1966-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, அதிலும் அறிவிக்கை வேண்டும். 2012-ல் மரபுச் சின்னங்களுக்கான ஆணையம் அமைக்கத் தனிச் சட்டம் வந்தது.

ஆகவே ஒரு கல்லூரியின் பழைய வீடு நிற்பதும் விழுவதும் பெரும்பாலும் அந்தக் கல்லூரியின் கையில். ‘பாதுகாப்பற்ற கட்டடம்’ என்று ஒரு சான்றிதழ் வாங்கினால் ஒரு வாரத்தில் தரைமட்டம். அப்படிப் போன வீடுகளை இதே ஊரில் பார்த்திருக்கிறேன். எங்கள் நிர்வாகத்திடம் நான் கேட்பது ஒன்றுதான்: இந்த வீட்டை வேலையில் வைத்திருங்கள். வகுப்போ, வாசகசாலையோ, ஏதோ ஒன்று நடக்கட்டும். தினமும் கதவு திறந்து மூடும் வீட்டில் ஒழுகல் அன்றைக்கே தெரிந்துவிடும்.

“பத்திரம், ரெக்கார்டு எல்லாம் எங்க தேடணும்?”

முதலில் ஊரில் தேடுங்கள். நிலத்துக்கு நகர நில அளவைப் பதிவேடும் வரைபடமும், கிராம நிலமாக இருந்தால் ‘அ’ பதிவேடு. சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று கேட்கலாம். இணையத்தில் ஒரு குறிப்பிட்ட வருஷத்திலிருந்துதான் வரும், அதற்கு முந்தியதற்கு மனுப் போட்டுக் கையால் தேட வேண்டும். அடுத்து சென்னை எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம். கலெக்டர் அலுவலகக் கடிதங்கள் கட்டுக் கட்டாக அங்கே இருக்கின்றன.

மிஷன் வீடுகளுக்கு இன்னொரு வழி உண்டு. இங்கே வேலை செய்த இரண்டு இங்கிலாந்து மிஷன்களில், சி.எம்.எஸ். (சர்ச் மிஷனரி சொசைட்டி) மிஷனின் ஆவணங்கள் பர்மிங்காம் பல்கலைக்கழகத்திலும், எஸ்.பி.ஜி. (சுவிசேஷப் பரப்புதல் சங்கம்) மிஷனின் ஆவணங்கள் ஆக்ஸ்போர்டிலும் இருக்கின்றன. அதில் பிரசங்கக் குறிப்பைத் தேடாதீர்கள், கணக்கைத் தேடுங்கள். ‘கூரை மாற்ற இவ்வளவு, சுண்ணாம்புக்கு இவ்வளவு’ என்று பணம் கேட்டு எழுதிய கடிதம்தான் வீட்டின் வரலாறு. தேடும்போது திருநெல்வேலியை ‘டின்னவேலி’ என்றும் பாளையங்கோட்டையை ‘பாலம்கோட்டா’ என்றும் ஆங்கிலத்தில் எழுதியிருப்பார்கள் என்பதை மறக்க வேண்டாம். 1986 வரை தூத்துக்குடியும், 2019 வரை தென்காசியும் இதே மாவட்டம்தான்.

“ரேனியஸ் வாழ்ந்த இல்லம்னு ஒரு பலகை வெச்சா கூட்டம் வரும், வீடும் பிழைக்கும். ஒரு சின்னப் பொய்தானே சார்?”

கல்லூரியின் மேல் உண்மையான அக்கறை உள்ள ஒரு பழைய மாணவர் கேட்டது இது. அவர் மனசு எனக்குப் புரிகிறது. இடையன்குடியில் கால்டுவெல் குடியிருந்த வீட்டை அரசு நினைவில்லமாக வைத்திருக்கிறது. எட்டயபுரத்தில் பாரதியின் வீடும், ஓட்டப்பிடாரத்தில் வ.உ.சி.யின் வீடும் அப்படித்தான். பெயர் இருந்தால் வீடு பிழைக்கிறது, கண்முன்னே பார்க்கிறோம்.

ஆனாலும் நான் ஒப்பவில்லை. பொய்ப் பலகை வைத்த மறுநாளிலிருந்து இந்த வீட்டில் இருக்கும் நிஜமான எதையும் யாரும் பார்க்க மாட்டார்கள். தண்டவாள உத்தரத்தை மறைத்துப் பொய்க்கூரை போடத் தோன்றும், ஏனென்றால் அது பலகையோடு சண்டை போடும். ரேனியஸுக்கு ஒரு மேஜையும் பேனாவும் வாங்கிப் போடுவார்கள். பின் தாழ்வாரத்துச் சுவருக்கு வெள்ளையடிப்பார்கள். பலகை வேண்டும் என்றால் நான் எழுதித் தருகிறேன்: ‘தண்டவாளத்தை உத்தரமாக வைத்து, சுண்ணாம்பாலும் பனையாலும் கட்டிய வீடு. மிஷனரிகளும், அவர்களுக்குச் சமைத்தவர்களும், பங்கா இழுத்தவர்களும், நம் மாணவர்களும் இருந்த வீடு.’ இதைப் படித்துவிட்டு உள்ளே வருகிறவர் நூறு பேரானாலும் போதும்.

“எங்க வீட்டுல தாத்தா இங்க எடுத்த போட்டோ ஒண்ணு இருக்கு. உங்களுக்கு உதவுமா?”

கட்டாயம் உதவும். ஆள் யார் என்று தெரியாவிட்டாலும் கொண்டுவாருங்கள், பின்னணியில் இருக்கும் கதவும் ஓடும் தரையும் எங்களுக்கு முக்கியம். சட்டத்திலிருந்து கழற்ற வேண்டாம், ஒட்டிக்கொண்டிருந்தால் கிழிந்துவிடும். செல்போனில் படம் எடுத்துக்கொள்கிறோம், அசலை நீங்களே வைத்துக்கொள்ளலாம். படத்துக்குப் பின்னால் பேனாவால் எழுதாதீர்கள், மை மறுபக்கம் ஊறும். மெல்லிய பென்சிலால் ஓரத்தில் பெயர், ஊர், சொன்னவர் யார் என்று எழுதுங்கள். படத்தில் ஓரமாக, பாதி வெட்டுப்பட்டு, தட்டோ கயிறோ பிடித்துக்கொண்டு யாராவது நின்றால், வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போதே முதலில் அவர் பெயரைக் கேட்டு எழுதிவிடுங்கள்.